உப்புத் தண்ணீரில் இறங்கி வரும் உலோகம்: களிமண்ணிலிருந்து அருமண் எடுப்பது எப்படி?

சென்னைப் புறநகரில் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு உருளை நிற்கும். வாட்டர் சாஃப்ட்னர். சில நாட்களுக்கு ஒருமுறை வாட்ச்மேன் அண்ணன் உப்பு மூட்டையைப் பிரித்து, தொட்டியில் கொட்டிக் கரைத்து, அந்தக் கரைசலை உருளைக்குள் ஓடவிடுவார். தண்ணீரில் உப்பைக் குறைக்கும் கருவிக்கே எதற்கு உப்பு போடுகிறார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

உருளைக்குள் இருப்பவை சின்னச் சின்ன பிசின் மணிகள். தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியமும் மக்னீசியமும் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகள். மணிகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. தண்ணீர் ஓடும்போது கால்சியம் மணியில் ஒட்டிக்கொள்ளும், ஏற்கெனவே அங்கிருந்த சோடியம் தண்ணீரில் இறங்கும். சில நாளில் மணிகள் முழுக்கக் கால்சியமாகிவிடும். அப்போது கெட்டியான உப்புக் கரைசலை ஓடவிட்டால், சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தைத் தள்ளிவிட்டு மறுபடி இடத்தைப் பிடிக்கும். அதுவரை சேர்ந்த கால்சியம் அத்தனையும் கழிவுநீரில் வெளியே வரும். இதற்கு அயனிப் பரிமாற்றம் என்று பெயர்.

இப்போது பிசின் மணிகள் இருக்கும் இடத்தில் ஒரு களிமண் குன்றை வையுங்கள். கால்சியத்துக்குப் பதிலாக டிஸ்ப்ரோசியம், டெர்பியம், இட்ரியம் போன்ற அருமண் உலோகங்கள். தெற்குச் சீனத்தின் குன்றுகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடப்பது இதுதான். மின்சாரக் கார் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

சரி, அருமண் என்றால் என்ன? தனிம வரிசை அட்டவணையின் அடியில் தனியாக ஒரு வரிசை இருக்குமே, லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15 தனிமங்கள், அவற்றோடு ஸ்காண்டியம், இட்ரியம் சேர்த்து மொத்தம் 17. பெயரில் அருமை இருந்தாலும் இவற்றில் பல அப்படியொன்றும் அரியவை கிடையாது. பூமியின் மேலோட்டில் சீரியமும் செம்பும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. ஒரே இடத்தில் செறிவாகக் கிடைப்பதுதான் அரிது.

இந்த 17-ஐ இலேசானவை, கனமானவை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற இலேசானவை ஓரளவு தாராளமாகக் கிடைக்கும். டெர்பியம், டிஸ்ப்ரோசியம் போன்ற கனமானவைதான் தட்டுப்பாடு. நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம் மிக வலுவானது, ஆனால் சூடானால் காந்தத்தன்மையை இழக்கத் தொடங்கும். அதில் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்த்தால் கார் மோட்டாரின் சூட்டையும் தாங்கும். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அறிவித்தபோது உலகம் முழுக்கக் கார் ஆலைகள் பதறியதற்குக் காரணம், அந்த ஏழில் இவை இரண்டும் இருந்தன.

நமக்குத் தெரிந்த அருமண் என்றால் அது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். நார் விற்றவர்களுக்கு அதன் மதிப்பு தெரிந்திருக்காது. மோனசைட் உண்மையில் வளமான தாது. எடையில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடுதான். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, அதிலிருப்பது பெரும்பாலும் இலேசான வகை. இன்னொன்று, அருமண் அங்கே பாஸ்பேட்டோடு இறுகிப் படிகமாகிக் கிடக்கிறது. அதை உடைக்க, மணலை மாவாக அரைத்து, கெட்டியான காஸ்டிக் சோடாவில் போட்டு மணிக்கணக்கில் சூடாக்க வேண்டும். உடைந்ததும் கூடவே கதிரியக்கத் தோரியமும் வெளியே வரும். அதைப் பத்திரமாகப் பிரித்து வைத்தாக வேண்டும்.

களிமண் தாது இதற்கு நேர்மாறானது. அதில் அருமண் ஆக்சைடு 0.05 முதல் 0.2 சதவீதம் வரைதான் இருக்கும். மோனசைட்டோடு ஒப்பிட்டால் அது தாது என்று சொல்லவே தகுதியில்லாத அளவு. ஆனாலும் அரைக்க வேண்டாம், சூடாக்க வேண்டாம், தோரியமும் மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கனமான வகை அதில்தான் இருக்கிறது. ஒரு தாதுவின் மதிப்பை அதில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து எடைபோட முடியாது. அந்த உலோகம் எவ்வளவு தளர்வாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அந்தத் தளர்வு எப்படி வந்தது?

தெற்குச் சீனத்தில் ஜியாங்ஷி, குவாங்டாங், ஃபுஜியான் போன்ற மாகாணங்களில் கிரானைட் பாறைகள் ஏராளம். வெப்பமும் உண்டு, மழையும் உண்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகி, லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பாறைக்குள் இறங்குகிறது. கிரானைட்டில் உள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மெல்லச் சிதைந்து களிமண்ணாகிறது. அந்தக் களிமண்ணின் பெயர் கயோலினைட். பீங்கான் செய்யும் அதே வெள்ளைக் களிமண்தான். ஜியாங்ஷியில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெசென் நகருக்குப் பக்கத்தில் காவோலிங் என்றொரு ஊர் உண்டு. கயோலின் என்ற சொல்லே அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. நூற்றாண்டுகளாகக் கிண்ணங்களுக்குப் பேர்பெற்ற அதே மாகாணத்தின் தென்கோடியில், 1969-ல், இந்தப் புதிய தாது கண்டுபிடிக்கப்பட்டது. இடம் கான்சோ பகுதியிலுள்ள லோங்நான்.

பாறை சிதையும்போது அதற்குள் சிறு சிறு துகள்களாக இருந்த அருமண் கனிமங்களும் கரைகின்றன. அப்படி வெளியேறும் அருமண் அயனிகள் மழைநீரோடு கீழே இறங்கும். மேல்மண் அமிலத்தன்மை உள்ளது, அங்கே அவை தங்காது. கீழே போகப்போக அமிலத்தன்மை குறையும், அங்கே களிமண்ணின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் குன்றை வெட்டிப் பார்த்தால் மேலே அருமண் குறைவாகவும், நடு அடுக்கில் அதிகமாகவும், அடியில் பாதி சிதைந்த பாறையில் மறுபடி குறைவாகவும் இருக்கும்.

இதில் சீரியம் மட்டும் தனி வழியில் போகிறது. மற்ற அருமண் தனிமங்கள் பெரும்பாலும் மூன்று மின்னூட்டத்தோடு திரிய, சீரியம் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சந்தித்ததும் நான்கு மின்னூட்டத்துக்கு மாறி, கரையாத ஆக்சைடாக மேலடுக்கிலேயே தங்கிவிடும். எனவே கீழே ஒட்டியிருக்கும் கலவையில் சீரியம் குறைவு. சுரங்கக்காரருக்கு இது லாபம், ஏனென்றால் இருப்பதிலேயே மிக மலிவானவற்றில் சீரியமும் ஒன்று. தாதுவைத் தரம் பிரிக்கும் வேலையில் ஒரு பங்கை மழையே செய்து முடித்திருக்கிறது.

கயோலினைட் அயனிகளைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்கார மண் இல்லை. நம் கரிசல் மண்ணோடு ஒப்பிட்டால் அதன் பிடிப்புத்திறன் மிகவும் குறைவு. அருமண் அயனி ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் களிமண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. களிமண்ணுக்கும் அதற்கும் நடுவில் மின்கவர்ச்சி மட்டும்தான், இறுகிய வேதிப் பிணைப்பு கிடையாது.

அப்படியானால் இவ்வளவு காலம் பெய்த மழை ஏன் அதைக் கழுவிக்கொண்டு போகவில்லை? சாஃப்ட்னரை நினைத்துப் பாருங்கள். வெறும் தண்ணீரை எவ்வளவு ஓடவிட்டாலும் கால்சியம் மணியை விட்டு வராது. எதிர்மின்னூட்டம் உள்ள பரப்பு காலியாக இருக்க முடியாது. ஒன்று போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார வேண்டும். மழைநீரில் அப்படி உட்கார ஆளில்லை. அதில் கரைந்திருக்கும் அயனிகள் மிகச் சொற்பம். உப்பைக் கரைத்தால்தான் ஆள் வரும்.

இங்கே இன்னொரு சந்தேகம் எழும். மூன்று மின்னூட்டம் கொண்ட அருமண், ஒற்றை மின்னூட்டம் கொண்ட அம்மோனியத்தைவிட வலுவாகத்தானே ஒட்டியிருக்கும், பிறகு எப்படித் தள்ள முடியும்? ஒன்றுக்கு ஒன்று என்றால் முடியாதுதான். இங்கே ஜெயிப்பது கூட்டம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ களிமண்ணில் 0.1 சதவீதம், அதாவது ஒரு கிராம் அருமண் ஆக்சைடு இருக்கிறது என்று கொள்வோம். அதன்மேல் 2 சதவீத அம்மோனியம் சல்பேட் கரைசல் ஒரு லிட்டர் ஊற்றுகிறோம். அயனிகளை எண்ணினால் ஒரு அருமண்ணுக்கு ஏறத்தாழ ஐம்பது அம்மோனியம் வரும். ஒரு அருமண் அயனியை எழுப்ப மூன்று அம்மோனியம் போதும். மீதி அத்தனையும் அது திரும்பி வந்து உட்காராதபடி நெருக்கிக்கொண்டு நிற்கும். புதுக் கரைசல் மேலிருந்து வந்துகொண்டே இருக்க, எழுந்த அருமண் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

அம்மோனியம் சல்பேட் என்றதும் விவசாயம் தெரிந்தவர்களுக்கு நினைவு வந்திருக்கும். அது உரம்தான். வயலில் போட்டால் அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அதே பிடிப்புதான் இங்கே வேறு வேலைக்குப் பயன்படுகிறது.

தொடக்கத்தில் சீனர்கள் பயன்படுத்தியது சாதாரண சமையல் உப்பு. 1970-களில் களிமண்ணை வெட்டி எடுத்துத் தொட்டிகளில் போட்டு, கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவைத்து வடித்தார்கள். அருமண் வந்தது. ஆனால் கிடைத்த பொருளில் சோடியமும் கலந்து வந்தது, நிலமும் உப்பேறியது. அதற்குப் பிறகுதான் அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறினார்கள். குறைந்த செறிவே போதும், வடிக்கும்போது கலப்படமும் குறைவு.

தொட்டி முறைக்கு அடுத்து குவியல் முறை வந்தது. வெட்டிய மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மேடாகக் குவித்து, மேலிருந்து கரைசலைத் தெளித்து, அடியில் வழிவதைச் சேகரிப்பார்கள். இந்த இரண்டு முறைகளும் குன்றையே தின்றுவிடும். 0.05 சதவீதத் தாது என்றால் ஒரு டன் அருமண் ஆக்சைடுக்கு 2,000 டன் மண்ணை வெட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அந்த 2,000 டன்னும் சேறாகப் பள்ளத்தாக்கில் கொட்டப்படும். மரமில்லாத, மேல்மண் இல்லாத செந்நிறச் சரிவுகளும், மழை பெய்தால் ஆற்றை அடைத்துக்கொள்ளும் மணலும்தான் மிச்சம்.

எனவே குன்றை வெட்டாமலே எடுக்கும் முறைக்குப் போனார்கள். குன்றின் உச்சியிலும் சரிவிலும் சில மீட்டர் இடைவெளியில் சிறு துளைகள் போட்டு, குழாய் இறக்கி, அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விடுவார்கள். கரைசல் மெதுவாக இறங்கும், வழியில் அருமண்ணைச் சேர்த்துக்கொள்ளும், அடியில் சிதையாத கெட்டிப் பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் ஒழுகும். அடிவாரத்தில் வாய்க்கால் வெட்டியோ துளை போட்டோ அதைப் பிடித்துக் குளங்களில் சேர்ப்பார்கள். ஒரு குன்றுக்கு இது மாதக்கணக்கில் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மரம் நிற்கும், புல் இருக்கும், நடுவில் குழாய்கள் மட்டும் ஓடும்.

குளத்தில் சேர்ந்த நீரில் அருமண்ணோடு அலுமினியம், இரும்பு போன்றவையும் உப்பின் தள்ளலுக்கு எழுந்து வந்திருக்கும். அம்மோனியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தன்மையைக் குறைப்பார்கள். பி.எச். 5 வாக்கில் அலுமினியம் கஞ்சிபோலத் திரண்டு அடியில் தங்கும், அருமண் கரைந்தே இருக்கும். தெளிந்த நீரை வேறு குளத்துக்கு மாற்றி இன்னும் பைகார்பனேட் சேர்த்தால், அருமண் கார்பனேட் வெண்மையாகப் படியும். முன்பு இந்தப் படிவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் பயன்படுத்தினார்கள். பொருள் தூய்மையாகக் கிடைக்கும், ஆனால் விலை அதிகம், நச்சும் கூட. படிந்ததை வடிகட்டி உலையில் சுட்டால் 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான கலப்பு ஆக்சைடு தூள் கிடைக்கும். சாக்கில் கட்டி விற்பது இந்தத் தூளைத்தான். ஏறக்குறைய பதினைந்து தனிமங்கள் கலந்திருக்கும் அதை ஒவ்வொன்றாகப் பிரிப்பது வேறொரு பெரிய ஆலையின் வேலை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. சமீப காலமாகப் பல நாடுகளிலிருந்து 'களிமண்ணில் அருமண் கண்டுபிடிப்பு' என்று செய்திகள் வருகின்றன. பிரேசிலில் கோயாஸ் மாநிலத்தின் செர்ரா வெர்டே சுரங்கம் 2024-ல் வணிக உற்பத்தியைத் தொடங்கியதுபோல் உண்மையான முன்னேற்றங்களும் உண்டு. ஆனால் களிமண்ணில் அருமண் இருப்பதும், அது உப்புக் கரைசலுக்கு எழுந்து வருவதும் வேறு வேறு. பல இடங்களில் அது சிதையாத கனிமத் துகளுக்குள்ளோ இரும்பு ஆக்சைடுக்குள்ளோ பூட்டிக் கிடக்கும். அங்கே உப்பு ஊற்றினால் கொஞ்சம்தான் வரும், மீதிக்கு வலுவான அமிலம் வேண்டும், அமிலம் வந்தால் அலுமினியமும் இரும்பும் வெள்ளமாக வரும், செலவு எகிறும். எனவே அப்படியொரு செய்தியில் மொத்த அளவை மட்டும் சொல்லியிருந்தால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. இலேசான உப்புக் கரைசலில் எத்தனை சதவீதம் இறங்கி வருகிறது என்பதையும் தேடிப் படியுங்கள்.

இனி வருத்தமான பகுதி.

சாஃப்ட்னரில் உப்பு ஓடவிட்டு முடித்ததும் வாட்ச்மேன் அண்ணன் நல்ல தண்ணீரைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டு, கரிப்பு போன பிறகுதான் குழாயைத் தொட்டிக்குத் திருப்புவார். குன்றையும் அப்படிக் கழுவத்தான் வேண்டும். ஆனால் ஒரு குன்றைக் கழுவ மாதங்கள் ஆகும், ஏராளமாகத் தண்ணீர் வேண்டும், போகப்போக அந்தத் தண்ணீரில் விற்க எதுவும் வராது. கண்காணிப்பு இல்லாத இடத்தில் முதலில் நின்றுபோவது இந்த வேலைதான்.

எவ்வளவு அம்மோனியம் உள்ளே போகிறது? ஒரு டன் அருமண் ஆக்சைடுக்கு, பரிமாற்றக் கணக்குப்படி ஒன்று முதல் ஒன்றே முக்கால் டன் அம்மோனியம் சல்பேட் போதும். நடைமுறையில் அதைப்போல் பல மடங்கு ஊற்றுகிறார்கள். அலுமினியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் தங்கள் பங்கைக் கேட்கும், கொஞ்சம் வழியிலேயே தேங்கும். டிஸ்ப்ரோசியம் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அம்மோனியம் உட்கார்ந்திருக்கிறது, இன்னும் தளர்வாக. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களிமண் அதைப் பிடித்து வைக்காது. அது நேராக நிலத்தடி நீருக்குப் போகும். அந்த மாற்றத்தில் மண்ணும் அமிலமாகும், அமிலம் ஈயம், மாங்கனீசு போன்றவற்றை எழுப்பும். சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஓடைகளில் அம்மோனியா அளவு இறங்காமல் இருப்பதன் காரணம் இதுதான். அடிப்பாறையில் விரிசல் இருந்தால் கரைசல் வாய்க்காலுக்கே வராமல் ஆழத்துக்குப் போய்விடும். மாதக்கணக்கில் நீர் ஊறிய சரிவு ஒரு நாள் சரிந்தும் விழும். குன்றை வெட்டாத முறை என்பதால் அது சேதமில்லாத முறை என்று நினைத்துவிடக் கூடாது. சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கான்சோ பகுதியைச் சீர்செய்ய 3,800 கோடி யுவான் தேவைப்படும் என்று 2012-ல் சீனத் தொழில்துறைத் துணை அமைச்சர் ஒருவரே சொன்னார்.

சீனா தன் சுரங்கங்களை இறுக்கியபோது வேலை எல்லை தாண்டியது. யுன்னானை ஒட்டிய மியன்மாரின் கச்சின் மாநிலத்திலும் அதே வகைக் களிமண் உண்டு. அங்கே சட்டமும் கண்காணிப்பும் நடைமுறையில் இல்லாத நிலை இருந்தது. 2022-ல் குளோபல் விட்னஸ் அமைப்பு செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, ஏறக்குறைய 300 இடங்களில் 2,700-க்கும் மேற்பட்ட சேகரிப்புக் குளங்களை எண்ணியது. 2024 அக்டோபரில் கிளர்ச்சிப் படையான கச்சின் விடுதலைப் படை இந்தச் சுரங்கங்களின் மையமான பாங்வா நகரைக் கைப்பற்றியதும் அருமண் வரத்து தடைபட்டது. எங்கோ ஓடும் மின்சாரக் காருக்கான டிஸ்ப்ரோசியம் ஒரு உள்நாட்டுப் போரின் களத்தில் வடிகிறது. அங்கே ஓடைத் தண்ணீரை நம்பி வாழும் கிராமத்தாருக்கு அந்தக் கார் எதற்கென்றே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாற்றுவழிகளைத் தேடும் வேலை நடக்கிறது. அம்மோனியத்துக்குப் பதிலாக மக்னீசியம் சல்பேட் பயன்படுத்துவது ஒன்று. நைட்ரஜன் இல்லை, அதனால் நைட்ரேட் தொல்லையும் இல்லை. அளவு மிஞ்சினால் அதுவும் மண்ணின் சமநிலையைக் குலைக்கும் என்றாலும், அம்மோனியத்தைவிட மேல். இன்னொன்று மின்சாரத்தைப் பயன்படுத்துவது. குவாங்சோ புவிவேதியியல் நிறுவன ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், மண்ணுக்குள் மின்முனைகளை இறக்கி மின்புலம் கொடுத்தால், உப்பு எழுப்பிய அருமண் அயனிகள் தாமாகவே எதிர்மின்முனையை நோக்கி நகரும் என்று காட்டினார்கள். ஈர்ப்பு விசையால் கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேவைப்படும் உப்பு 80 சதவீதம் வரை குறைந்தது, கூடவே வரும் கலப்பட உலோகங்கள் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தன, கிடைத்த அருமண் 90 சதவீதத்துக்கு மேல். மின்முனைகள் இருக்கும் வரை கரைசல் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் ஓரளவு கட்டுப்படுத்த முடியும், அதனால் கசிவும் குறையும். இதற்கு மின்சாரச் செலவு உண்டு, அமிலத்தில் அரித்துப்போகாத மின்முனைகள் வேண்டும், பெரிய குன்றுகளில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். மிச்சமுள்ள 20 சதவீத உப்பையும் கடைசியில் யாராவது கழுவித்தான் எடுக்க வேண்டும்.